ஓவியா இப்போது கேட்டுக்கொண்டிருப்பது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. குரோம்பேட்டையில் ஒரு மாடியறையிலிருந்து கணினி மாத இதழ் நடத்தும் யக்ஞநாராயணன் கேட்டது இரண்டு பக்கக் கட்டுரை.

"வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த மியூசிக் ப்ளேயர் போடலாம்? இதான் சார் சப்ஜெக்ட். வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்தாச்சு. எதைப் போடறது, எதை எடுக்கறதுன்னு தெரியாம ஜனங்க முழிக்கறா. சிம்பிளா எழுதிக் குடுங்கோ. ஒரே கண்டிஷன், நடுவுல கதை விடப்படாது."

அதென்ன, நான் கதை விடுகிற ஆளா? கோபத்தோடு வீட்டுக்கு வந்து, கோபம் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்தேன்.

"நல்ல மியூசிக் ப்ளேயருக்கு மூன்று லட்சணங்கள் உண்டு. ஒன்று, கணினிக்கு மூச்சுத் திணறாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு, எந்த சிடியைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் பாட வேண்டும். மூன்று, நாம் என்ன பாட்டு கேட்கிறோம் என்பதை ஊருக்கெல்லாம்

இங்கே நின்றுபோனது. ஊருக்குச் சொன்னால்தான் என்ன? யார் குடி முழுகிவிடும்? கேட்டிருக்கவே கூடாத கேள்வி. அரைகுறையாக நின்ற அந்த வாக்கியத்துக்குள் ஓவியா என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் குடிதான் முழுகும்போல இருந்தது. (யக்ஞநாராயணன் சார், மன்னிக்கவும். கட்டுரைக்கு வேறு ஆளைப் பாருங்கள்.)

2

தொடக்கம் என்ற ஒன்று எனக்கு லேசில் அமையாது.

"கோவிலம்பாக்கத்தில் அன்று மழை" என்று ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். மழையில் ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன். அடுத்து "ஓவியா ஒரு" என்று ஆரம்பித்தேன். ஒரு என்ன? அழகியா, அப்பாவியா, அழுத்தக்காரியா? தெரியாமல் எதற்கு ஆரம்பித்தேன்?

கடைசியில் தேறியது இது: ஓவியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெரியவர்கள் பார்த்து முடிவு செய்த மாப்பிள்ளையை அவளுக்கு மெள்ள மெள்ளப் பிடிக்கவும் ஆரம்பித்திருந்தது. அதனால்தான் இவ்வளவு பயம்.

மாப்பிள்ளை பெயர் ஹரிபிரசாத். அஸ்தினாபுரத்துப் பையன், பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம். இடைப்பட்ட மாதங்களில் இருவரும் மெசஞ்சரில் பேசினார்கள். சாயங்காலம் ஓவியா கிண்டியில் கணக்கெழுதும் ஆபீஸிலிருந்து திரும்பி, முகம் கழுவி, கணினியைப் போட்டால், அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்க்கத்தான் அவள் பஸ்ஸில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிக்கச் சோம்பல்பட்டு, கணினியைப் போட்டதுமே மெசஞ்சர் தானாக அவள் பெயரில் திறந்துகொள்ளும்படியும் செய்து வைத்தாள்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். அப்பா சம்பந்தம் நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, இப்போது மற்றவர்கள் மனையை விற்றுக் கொடுக்கிறார். காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். அம்மா கிளியம்மாள் வீட்டில் இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்ல இப்போதைக்கு அவ்வளவுதான். வீட்டில் இருந்தவர்களும் அவளைப் பற்றி அதற்குமேல் யோசித்ததில்லை.

3

கணினியைக் கோர்த்துக் கொண்டுவந்து ஹாலில் வைத்தவன் ஜாகிர். பல்லாவரம் மார்க்கெட் பக்கம் அவனுக்குக் கடை. அவனிடம் கணினி வாங்கினால் ஒரு சிடி நிறையப் பாட்டு இலவசம், அதை அவனே கணினிக்குள் ஏற்றியும் கொடுத்துவிடுவான்.

"பக்தி கீது, குத்துப்பாட்டு கீது, காதல் தோல்வி கீது. எது சார் ஏத்தட்டும்?" என்று சம்பந்தத்தைக் கேட்டான்.

"எதுல பாட்டு நெறைய கீதோ அத்த ஏத்துட்டுப் போப்பா."

"காதல் தோல்விலதான் சார் நெறைய."

"அப்பறம் இன்னா, அத்தையே போடு."

ஓசியில் வருவது எதுவானாலும் அதிகமாக வர வேண்டும் என்பது சம்பந்தத்தின் கொள்கை. இப்படித்தான் ஒரு கல்யாணப் பெண்ணின் கணினியில் 'காதல் தோல்வி' என்ற பெயரில் பாட்டுகள் குடியேறின. பாட்டுக்குத் தனிப்பெயர் கிடையாது. காதல் தோல்வி ஒன்று, காதல் தோல்வி இரண்டு என்று நம்பர் போட்டு வைத்திருந்தான் புண்ணியவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவியா ப்ளேயர் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தாள். கணினியோடு வந்த ப்ளேயர் ஒரு பாட்டு பாடுவதற்குள் கொட்டாவி விட்டது. ஆபீஸ் தோழி ரூக்சார் சிபாரிசு செய்த இன்னொன்று படு வேகம், ஆனால் எழுத்தெல்லாம் எறும்பு எறும்பாக இருந்தது. மூன்றாவது, ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், வழக்கு வந்தால் வக்கீல் வைக்க எனக்கு வசதியில்லை. நிறத்தை வைத்துப் பச்சை ப்ளேயர் என்று சொல்லிக்கொள்வோம். பார்க்க ஆடம்பரமாக இருந்தது. பட்டன்கள் ஒவ்வொன்றும் வடை சைஸ்.

ஓவியா ரூக்சார் சொன்னதையே போடலாம் என்றுதான் இருந்தாள். ஹால் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த கிளியம்மாள் பின்னாலிருந்து சொன்னாள்:

"அந்தப் பச்சையே இருக்கட்டும்டி. பட்டன்லாம் பெருசா கீது."

"உனக்கு எதுக்கும்மா பட்டன்?"

"எனுக்கு இன்னாத்துக்கு? சும்மா கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

சொன்னவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். ஓவியா அதைக் கவனிக்கவில்லை. நானும்கூட இரண்டாம் முறை எழுதும்போதுதான் கவனித்தேன். பச்சை ப்ளேயர் வென்றது.

4

[இங்கே கொஞ்சம் கட்டுரை. யக்ஞநாராயணனிடம் பட்ட கடனுக்கு.]

நம்மவர்கள் மென்பொருள் நிறுவும் முறையை உலகம் ஆராய வேண்டும். திரையில் ஒரு பெட்டி வரும், நிறைய எழுதியிருக்கும், கீழே 'நெக்ஸ்ட்' என்று ஒரு பட்டன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் பஸ் நம்பரை மட்டும் பார்ப்பதுபோல நாம் அந்த ஒரு சொல்லை மட்டும் பார்ப்போம். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், முடிந்தது. படித்தவன், படிக்காதவன் வித்தியாசமே இதில் கிடையாது.*

பச்சை ப்ளேயரின் ஏதோ ஒரு பெட்டியில், ஏற்கெனவே டிக் போடப்பட்டு, ஒரு வரி இருந்தது: நான் கேட்கும் பாட்டை மெசஞ்சரில் என் நண்பர்களுக்குக் காட்டு.

ஓவியா நெக்ஸ்ட் என்றாள்.

* எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் இப்படித்தான் தன் கணினி முழுவதையும் போர்ச்சுகீசிய மொழிக்கு மாற்றிக்கொண்டார். அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை. பயத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமே என்று எழுதினேன்.

5

"இன்னிக்கு லீவா?" என்று ஹரி போனில் கேட்டான். ஓவியா அப்போதுதான் ஆபீஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"இல்லியே, ஏன்?"

"மத்தியானம் ஆன்லைன்ல இருந்த மாதிரி இருந்துது. ஓகே, விடு."

அவளும் விட்டுவிட்டாள். அடுத்த வாரம் மறுபடி கேட்டான். அப்போதும் சிரித்து மழுப்பினாள். மூன்றாம் தடவை அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"ஓவியா, நான் ஸ்ட்ரெய்ட்டாவே கேக்கறேன். மத்தியானம் மத்தியானம் நீ வீட்ல இருக்க. ஆபீஸ்னு சொல்ற. ஹாய்னு மெசேஜ் பண்ணா டக்குனு க்ளோஸ் பண்ணிடற. உன் பேருக்குக் கீழ தினமும் 'இப்போது கேட்டுக்கொண்டிருப்பது: காதல் தோல்வி'ன்னு வருது. ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. நான் என்ன நெனைக்கட்டும்?"

"சத்தியமா நான் இல்ல ஹரி" என்றாள். சொல்லும்போதே அது பொய் மாதிரி ஒலித்தது. உண்மைக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு.

[ஹரியை வில்லனாக்கிவிட்டால் என் வேலை சுலபம். ஒரு பக்கம் முயற்சி செய்தேன், ஒட்டவில்லை. அவன் அண்ணன் கல்யாணம் மண்டபம் வரைக்கும் போய் நின்றது. பெண்ணுக்கு வேறொருவன் மேல் மனசு இருந்தது, பத்திரிகை கொடுத்த வீட்டுக்கெல்லாம் போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவன் இந்த ஹரிதான். அவன் பயத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்?]

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஓவியா கணினியைக் குடைந்து அந்த டிக்கைக் கண்டுபிடித்தாள், எடுத்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு.

மறுநாள் ஹரி கேட்டான்: "நான் கேட்டதும் அந்த லைன் காணாமப் போயிடுச்சு. நீ இல்லன்னா அதை ஏன் எடுத்த?"

அவள் டிக், பெட்டி என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"சண்டே அம்மா வர்றாங்க. நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டான்.

6

ஜாகிருக்குப் போன் போட்டாள். "பாய், கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகி, தானா பாட்டு பாடுமா?"

"இன்னாக்கா பேஜார் பண்றே! தானா பாடறதுக்கு அது இன்னா பேயா? யாரோ ஒருத்தர் வூட்ல போட்டாத்தான் பாடும்."

யாரோ ஒருத்தர். அப்பா பகலில் வீடு தங்குவதில்லை. அம்மாவோ கணினிமேல் போட்ட பூத்துணியை எடுத்து உதறி மறுபடி மூடுவதோடு சரி. ஆயுத பூஜைக்கு மானிட்டரில் பொட்டு வைத்தபோதுகூட ஷாக் அடிக்குமா என்று கேட்டவள். ஓவியாவுக்கு ராத்திரி பூராவும் தூக்கம் வரவில்லை. மறுநாள் "தலைவலின்னு சொல்லிட்டுக் கெளம்புடி, நான் மேனேஜ் பண்ணிக்கறேன்" என்று ரூக்சார் தள்ளிவிட, மத்தியானமே பஸ் ஏறினாள்.

தெருவில் தண்ணீர் லாரி நின்றது. அதன் இன்ஜின் இரைச்சலைத் தாண்டி ஒரு குரல் கேட்டது. பாட்டுப் பாடும் குரல். சுதி சேரவே இல்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடுபவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உரக்க வெளியே போகிறது என்று தெரியாது, தெருவே கேட்டாலும் தெரியாது.

ஓவியா ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

கிளியம்மாள் கணினிக்கு முன்னால் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஹெட்ஃபோன் கொண்டையில் இடித்துச் சாய்ந்திருந்தது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. மூக்கைக்கூட உறிஞ்சாமல், வேலை முடித்தவள் காற்று வாங்குவதுபோல, நிம்மதியாக அழுதுகொண்டிருந்தாள். திரையில் சின்னதாக ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. ஹரிதான், இன்னொரு தடவை 'ஹாய்' சொல்லிப் பார்க்கிறான்போல. அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து, மகளின் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கத்தில், மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டி மூடினாள். பிறகு வடை சைஸ் பட்டனை அழுத்தினாள். அதே பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஓவியா கதவைத் தட்டவில்லை. தட்டியிருக்கலாம். நான் தட்டச் சொல்லி மூன்று தடவை எழுதினேன், அவள் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்து, வழக்கமாக வரும் நேரம் ஆகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இருபத்துமூன்று வருஷம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாள். அந்த முகத்தில் இதற்கு இடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. அதை நினைக்க நினைக்க வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது.

7

கிளியம்மாள் ஏன் அழுதாள்?

கதாசிரியன் என்ற முறையில் காரணம் கொடுப்பது என் கடமை என்று நினைத்து இப்படி எழுதினேன்: "கிளியம்மாளுக்குப் பதினெட்டு வயதில் கிட்டு என்று ஒருவன், எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்

வேண்டாம். அப்படி ஒருவனும் இல்லை. இருந்திருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன? ஒரு பொம்பளை மத்தியானத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு சோகப் பாட்டைக் கேட்டு அழுதால், உடனே ஓர் ஆம்பிளையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறேனே, வெட்கமாக இல்லையா எனக்கு? ஹரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

8

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இதை அப்படியே ஹரியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

ஓவியா நம்பரைப் போட்டாள். "ஹரி, அது எங்க அம்" என்பதுவரைக்கும் வந்துவிட்டாள். அவன் "ம்?" என்று காத்திருந்தான். அந்த ஒரு நொடியில் மீதி முழுவதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் தன் அம்மாவிடம் சொல்வான். அந்த அம்மா முதல் வேலையாகச் சம்பந்தத்திடம் சிரித்துக்கொண்டே கேட்பார். சம்பந்தம் கைநீட்டுகிற மனிதர் இல்லை. பொண்டாட்டிக்குச் சோறு, துணி, நகை எதிலும் குறை வைத்ததில்லை, அதனால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று முழுசாக நம்புகிறவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்:

"யார நெனச்சுடி அழுத?"

தன்மேல் விழுந்திருக்கும் அதே கேள்வி. அதைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் மாட்டினால்தான் தனக்குத் தாலி ஏறும். ஓவியா இதை இவ்வளவு கோவையாக யோசிக்கவில்லை, கோவை என்னுடையது. "ஒண்ணுமில்ல, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

9

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சில முடிவுகளை ஒத்திகை பார்த்தேன்.

அ) ஓவியா எல்லாவற்றையும் வைரஸ்மேல் போட்டுவிடுகிறாள். எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால் மாப்பிள்ளை சாஃப்ட்வேர். காதல் தோல்வி கேட்கிற வைரஸ் உலகத்தில் கிடையாது என்று அவனுக்குத் தெரியும்.

ஆ) "நான்தான் லீவு போட்டுக் கேட்டேன்" என்று ஓவியா ஒப்புக்கொள்கிறாள். கல்யாணம் நின்றுபோகிறது. அம்மா மத்தியானங்களில் தொடர்ந்து பாட்டுக் கேட்கிறாள், ஆனால் எதனால் கல்யாணம் நின்றது என்று தெரியாமலே. இதை எழுதிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

இ) ஹரி வெளியே கூட்டிப்போய்த் தனியாகக் கேட்கிறான், அவள் சொல்கிறாள், அவன் புரிந்துகொள்கிறான், யாரிடமும் சொல்வதில்லை. நடக்கக்கூடியதுதான். நடக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் தன் அம்மாவோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டான்.

10

ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கணினிமேல் பூத்துணி போட்டு மூடியிருந்தது. ஹரியின் அம்மா மரியாதையானவர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். ஒரு மகன் கல்யாணத்தில் பட்டதைப் பத்தே வார்த்தையில் சொன்னார். பிறகு பாட்டு விஷயத்தையும் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு மனசுல யாராவது இருந்தா இப்பவே சொல்லிடட்டும். நாங்க கோவப்பட மாட்டோம். இன்னொரு தரம் மண்டபம் வரைக்கும் போய்ட்டு வர்ற தெம்பு எனக்கு இல்ல."

சம்பந்தத்தின் முகம் கறுத்துவிட்டது. "இன்னாம்மா பேசறீங்க? ஏய் ஓவியா, இன்னாடி இது?"

கிளியம்மாள் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றாள். மெசஞ்சர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மத்தியானம் என்ற சொல் புரிந்தது, பாட்டு என்ற சொல் புரிந்தது. தன் காதுக்குள் மட்டும் பாடிய பாட்டு எப்படியோ அஸ்தினாபுரம் வரைக்கும் கேட்டிருக்கிறது என்று புரிந்தது. அவள் ஓவியாவைப் பார்த்தாள். ஓவியா ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் கிளியம்மாளுக்கு உறைத்தது.

பேனாவை வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

ஹரி தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்: "அந்தப் பாட்டை யார் கேட்டது?"

"நான்தான்."

பதில் ஒன்று, குரல் இரண்டு. ஒன்று நாற்காலியிலிருந்து, ஒன்று சமையலறை வாசலிலிருந்து. ஒத்திகை பார்த்தால்கூட அப்படி ஒரே நேரத்தில் வராது. ஹரி சட்டென்று நிமிர்ந்தான். அவன் அம்மா ஒருத்தியைப் பார்த்தார், அப்புறம் இன்னொருத்தியைப் பார்த்தார். தாயும் மகளும் இடத்தை விட்டு நகரவில்லை, சொன்னதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

சம்பந்தம் எழுந்துவிட்டார். அவர் வாய் திறந்துவிட்டது. "யார" என்பதுவரைக்கும் எழுதிவிட்டேன். மீதியை எழுத எனக்குக் கை வரவில்லை, எழுதவும் மாட்டேன்.

யாரை நம்புவது, கல்யாணம் நடக்குமா, இதெல்லாம் இனி உங்கள் பாடு. இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கும் அந்தக் கேள்வி நாக்கு நுனியில்தான் நிற்கிறது, எனக்குத் தெரியும். கேட்டே ஆக வேண்டுமென்றால் நீங்களே கேளுங்கள், ஆனால் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். தாயும் மகளும் இப்போது சம்பந்தத்தைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.